கடைசியாய் வந்த அக்கா

அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்ததே தப்போ என்று தங்கைக்குத் தோன்ற ஆரம்பித்தது.

பின்னே என்ன? இருபத்தெட்டு வருஷம் சைக்கிளில் தெருத் தெருவாகச் சுற்றித் தபால் கொடுத்தவள். ரிட்டயர் ஆகி மூன்றே வருஷம். அதற்குள் இப்படியா?

காலையில் ஏரியில் துடுப்புப் படகு. புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கான வகுப்பு. முன்னால் தங்கை, பின்னால் அக்கா. இரண்டு பேரும் ஒரே பக்கம் துடுப்புப் போட்டதில் படகு செக்குமாடு மாதிரி சுற்றியது.

"ஆளுக்கொரு பக்கம் போடுங்கம்மா!" கரையிலிருந்து பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார்.

ஒருவழியாகப் படகு நேராகப் போனால், பத்து தடவை துடுப்புப் போடுவதற்குள் அக்கா நிறுத்திவிடுவாள்.

"கை வலிக்குதுடி. இரு, அந்தக் கொக்கைப் பாரு!"

"கொக்கைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? எல்லாரும் அக்கரைக்கே போயிட்டாங்கக்கா."

"போகட்டும். அங்க நமக்கு என்ன, மெடலா குத்தப் போறாங்க?"

கடைசிப் படகாகக் கரை சேர்ந்தார்கள். தங்கைக்கு மானம் போயிற்று. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும்தான்.

ஏனென்றால், நாலு மாதத்துக்கு முன்னால் தங்கையின் இதயத்தில் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். 'தாராளமா போய்ட்டு வாங்க. மூச்சு வாங்கினா மட்டும் உடனே நின்னுடணும்' என்று சொல்லித்தான் டாக்டர் அனுப்பினார். அக்காவிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

தெரிந்தால் அவ்வளவுதான். அக்கா அழுது, அதட்டி, கட்டிலை விட்டு இறங்க விடமாட்டாள். விடுமுறை ஆஸ்பத்திரி ஆகிவிடும். தங்கைக்கு வேண்டியது அந்த அக்கா இல்லை. அந்தக் காலத்து அக்கா.

என்ன வேகம் அப்போதெல்லாம்! அப்பாவின் சைக்கிளில் பின்னால் இவளை ஏற்றி, இரண்டு பேர் புத்தகப் பையையும் இவள் மடியில் திணித்து, பள்ளிக்கூட பஸ்ஸையே முந்துவாள். 'மெதுவாக்கா, பயமா இருக்கு' என்றால், 'கண்ணை மூடிக்கோடி, பயம் தெரியாது' என்பாள். பின்னல் பறந்து வந்து இவள் மூக்கிலேயே அடிக்கும். அப்படி ஒரே ஒரு நாள் திரும்பக் கிடைக்காதா என்ற ஏக்கத்தில்தான், புருஷன் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பேர் மட்டும் கிளம்பி, முந்தின நாள் இந்த ஏரிக்கரை விடுதிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

மத்தியானம் காட்டுக்குள் சைக்கிள். இதிலாவது அக்கா பறப்பாள் என்று பார்த்தால், முதல் மேட்டிலேயே இறங்கிவிட்டாள்.

"செயின் கழண்டுடுச்சுடி."

அடுத்த மேட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அதற்கடுத்து, "ஐயோ, என்னால ஆகாதுப்பா. தள்ளிக்கிட்டே போலாம் வா."

"தபால்காரம்மா! இப்படிப் போனா தந்தி அடுத்த வருஷம்தான் போய்ச் சேரும்."

"பண்ணுடி, நல்லா கேலி பண்ணு. அறுபத்து மூணு வயசு உனக்கும் வரும்ல?"

தங்கை சிரித்தாள். ஆனால் மனசு கனத்துப் போயிற்று. அக்காவுக்கு வயசாகிவிட்டது. அந்த அக்கா இனி வரமாட்டாள்.

சைக்கிள் எடுத்த மற்றவர்கள் எல்லாம் திரும்பி வந்து அரைமணி நேரம் கழித்துத்தான் இரண்டு பேரும் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். அக்கா முகம் கழுவப் போனாள்.

"மன்னிச்சுக்கோங்க, ரொம்ப லேட் பண்ணிட்டோம். எங்க அக்காவால இப்பல்லாம் மிதிக்க முடியல," என்றாள் தங்கை.

சைக்கிள் வாடகைக்கு விடும் பெண்மணி ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"யாரு, அவங்களாலயா? நேத்து நீங்க தூங்குறீங்கன்னு சொல்லிட்டுத் தனியா வந்தாங்க. இதே பாதையை ரெண்டு தடவை சுத்திட்டு வந்தாங்கம்மா! இங்க இருக்கிற இளவட்டத்துக்குக் கூட அந்த வேகம் வராது. எங்கெங்க மேடு வருதுன்னு உள்ளங்கையில எழுதி வேற வச்சுக்கிட்டாங்க."

தங்கை அப்படியே நின்றுவிட்டாள். வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அந்த மனுஷன் வாயில் என்றைக்கு எது தங்கியது?

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"என்னடி இப்படிப் பாக்குற? நாளைக்கு எங்கயும் வர முடியாதும்மா என்னால. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ரூம்லயே கிடக்கலாம்."

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது தங்கைக்கு.

"உன்னோட பெரிய ரோதனையா போச்சுக்கா," என்று அலுத்துக்கொண்டாள். "சரி, உனக்காக நாளைக்கு ரெஸ்ட் எடுத்துத் தொலைக்கிறேன்."