மடியில் ஒரு ரோட்டர்

தார்ப்பாயை விலக்கியதும் இசக்கிமுத்துவின் முகத்தில் நாற்றம் குப்பென்று அடித்தது. வண்டியின் பின்பக்கப் பலகையில் அழுகின இறால் தலை ஒன்று ஒட்டிக் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி, இது பட்டாள வண்டியா, மீன் வண்டியா?" கூட வந்த சந்தீப் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஆள் மலையாளி, பல் டாக்டர். பழைய பட்டாள வண்டி வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குச் செயலாளர். "அடுத்த ஞாயிறு வெலிங்டன் தீவுல ஊர்வலம். பெரிய ஆபீசர்மாரெல்லாம் வரும். இந்த நாத்தத்தோட வந்தா வரிசையில நிறுத்த முடியாது, கேட்டோ."

இசக்கிமுத்து வெளியே போய்க் காறித் துப்பிவிட்டு வந்தார்.

ஏலத்தில் துருப்பிடித்த கூடாக எடுத்த வண்டி. எட்டு வருஷம் தட்டி, ராவி, பச்சை அடித்து உயிர் கொடுத்திருந்தார். முதல்முறையாக ஊர்வலத்தில் ஓடப்போகிற நேரத்தில் எவனோ ஒரு நாறப்பயல் களவாண்டு ஓட்டுகிறான். மூன்று வாரமாக இதே கூத்து. வியாழக்கிழமை அவர் படகேறி எர்ணாகுளத்துக்குப் பழைய சாமான் கடைகளைப் பார்க்கப் போவார். வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் டயரில் ஈரச் சேறு, பலகையில் பிண நாற்றம். டிரைவர் பக்கத்துக் கண்ணாடி வேறு கீழே பார்த்துத் திரும்பியிருக்கும்.

அவர் சந்தீப்பை ஏற இறங்கப் பார்த்தார். தன் தோளுக்குக்கூட வரமாட்டான். இரண்டு தடவை வண்டியை விலைக்குக் கேட்டவன்.

பட்டாள வண்டிக்குச் சாவி கிடையாது. ஸ்விட்சைத் திருப்பிப் பட்டனை அமுக்கினால் எவன் வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம். அதனால் வண்டியை நிறுத்தியதும் பானெட்டைத் திறந்து ரோட்டரைக் கழற்றி மடியில் சொருகிக்கொள்வார் இசக்கிமுத்து. கட்டைவிரல் அளவு சாமான்தான், அது இல்லாவிட்டால் எஞ்சின் செத்த மாடு. குளிக்கப் போகும்போதுகூட அதை ஆவுடையம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போனதில்லை. கட்டின பெண்டாட்டியானாலும் இன்னொரு ஆள்தானே?

ஆனால் சங்கத்துக்காரனிடம் ரோட்டருக்கா பஞ்சம்?

சோற்றின் முன்னால் உட்கார்ந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. இறால் குழம்பைக் கண்டதும் தட்டைத் தள்ளினார்.

"ஏட்டி, அந்தப் பல்லுப் புடுங்கிதான் எடுத்துட்டுப் போறான். நாறடிச்சா வித்துருவேன்னு கணக்குப் போடுதான்."

"அந்தத் தம்பியையா சொல்லுதீய? தங்கமான பிள்ளையில்லா?"

"ஒலகத்துல எவனும் தங்கம் கெடையாது. தெருமுக்குல மீன் குடலு, எறா ஓடுன்னு கொட்டி நாறடிச்சாளுவளே, அவளுவளும் தங்கந்தான். நான் போயி நின்னு கத்துன பொறவுதான தெரு சுத்தமாக் கெடக்கு?"

"ஆமா, நீங்க கத்துனதுலதான்." ஆவுடையம்மாள் ரசத்தை ஊற்றினாள். "ஆனா களவாணிப்பய உங்களைவிட நல்லா ஓட்டுதானோ என்னமோ. ஞாயித்துக்கிழமை பக்கத்துல உக்காந்து வாரவளுக்கில்லா தெரியும், அந்த கியரு கெடந்து கத்துத கத்து."

"வாய மூடுட்டி. ஒனக்கு என்ன தெரியும் கியரப் பத்தி?"

அடுத்த வியாழக்கிழமை வழக்கம்போல எர்ணாகுளம் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். போனது படகுத்துறைக்கு அல்ல. பஜார் ரோட்டில் வண்டி நிற்கும் பழைய மிளகுக் கிட்டங்கிக்குப் போய், கையில் வீல் ஸ்பேனரோடு தார்ப்பாய்க்கு அடியில் படுத்துக்கொண்டார். எத்தனை வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் போகாத நாற்றம் மூக்கு வழியே மண்டைக்கு ஏறியது. வேட்டியைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு ஓங்கரிப்பை அடக்கினார்.

பானெட் கிரீச்சிட்டது. அப்புறம் கதவு. ஒரே அமுக்கலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

மடியில் ரோட்டர் உறுத்தியது. அது அங்கேதான் இருந்தது.

எங்கே போகிறான் என்று பார்த்துவிடலாம் என அசையாமல் கிடந்தார். வண்டி உருண்டது. கிளச்சை இரண்டு தடவை மிதித்ததும், பொடிச் சத்தம்கூட இல்லாமல் கியர் விழுந்தது. எட்டு வருஷத்தில் அவருக்கு ஒரு நாளும் அப்படி விழுந்ததில்லை.

கொஞ்ச தூரத்தில் வண்டி நின்றது. பின்கதவின் சங்கிலி கழன்று விழுந்தது.

"வேகம் மூட்டைய ஏத்து! பள்ளுருத்தி தோட்டக்காரர் உரக்குழியத் தோண்டி வச்சுக் காத்து நிக்குது!" என்றது ஒரு பெண் குரல்.

சொதசொதவென்று ஒரு மூட்டை அவர் வயிற்றில் வந்து விழுந்தது.

"புடிச்சிட்டேம்ல!" தார்ப்பாயை உதறிக்கொண்டு, ஸ்பேனரை ஓங்கியபடி எழுந்தார். சட்டையில் மீன் தண்ணீர் வழிந்தது.

அவருடைய தெருமுக்குதான். கீழே எதிர்வீட்டு ஷபானா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள், ஆளுக்கொரு வாளியும் மூட்டையுமாக.

"எங்க அந்தப் பல்லுப் புடுங்கி? எறங்குல கீழ!" ஸ்பேனரால் வண்டிக் கூண்டை ஓங்கித் தட்டினார்.

யாரும் இறங்கவில்லை. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தார். கீழே பார்த்துத் திரும்பியிருந்த கண்ணாடியில் ஆவுடையம்மாளின் முகம் அளவாக உட்கார்ந்திருந்தது.

அவருடைய கை தானாக மடியைத் தடவியது.

"அது உங்க ரோட்டரு, இது என் ரோட்டரு. மூட்டைய உள்ள தள்ளுங்க."