நடுவில் உட்கார்ந்தவர்

"உங்க ரெண்டு நாட்டுக்கும் வெட்கமா இல்லையா?"

பஞ்சாபகேசன் ஆங்கிலத்தில் இப்படிக் கேட்டதும் செம்பூர் ஹோட்டலின் கூட்ட அறையில் எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த அவருடைய உதவியாளர் ஷ்ருதி பேனாவைக் கீழே வைத்தாள்.

எங்கேயோ ஒரு குட்டித் தீவு. அதைச் சுற்றியிருக்கும் கடல் தன்னுடையது என்று இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன. இவர்கள் மீனவர்களை அவர்களும், அவர்கள் மீனவர்களை இவர்களும் பிடித்து எட்டு மாதமாகச் சிறையில் வைத்திருந்தார்கள். மொத்தம் பத்தொன்பது பேர்.

நமக்கு அந்தக் கடலில் எந்தப் பங்கும் இல்லை. அதனால்தான் பேச்சுவார்த்தை மும்பையில். ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி பஞ்சாபகேசன் நடுவர்.

மூன்று நாளாக இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மீனவர்களின் பெயர்ப் பட்டியலில்கூடக் கையெழுத்து விழவில்லை. பிடிபட்ட இடம் என்று தீவுக்கு யார் வைத்த பெயரை எழுதுவது? அதிலேயே தகராறு.

பஞ்சாபகேசன் விடவில்லை. "பேசாம தீவை மீனுக்கே கொடுத்துடலாம். உங்க ரெண்டு பேரையும்விட அதுங்களுக்கு அறிவு ஜாஸ்தி!"

இரண்டு குழுத் தலைவர்களும் முகம் சிவக்க எழுந்தார்கள். ஒரே கதவு வழியாக வெளியேறினார்கள்.

"அரே சார், என்ன பண்ணிட்டேள்!" ஷ்ருதிக்கு அழுகையே வந்துவிட்டது. "நம்ம மாட்டுங்கா ஃபிளாட் சொசைட்டி மீட்டிங்னு நினைச்சேளா? பத்தொன்பது குடும்பம் காத்துண்டிருக்கு!"

அவர் தன் கோப்புகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தார்.

இரண்டு மணி நேரத்தில் கடிதம் வந்தது. ஷ்ருதி உரக்கப் படித்தாள்.

'நடுவர் எங்கள் இரு நாடுகளையும் அவமதித்துவிட்டார். அவரை உடனே நீக்க வேண்டும். இனி எங்களுக்கு நடுவில் யாரும் தேவையில்லை. நாளை நாங்களே நேருக்கு நேர் உட்காருகிறோம். முதல் விஷயம், மீனவர்கள் விடுதலை.'

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ் சார். ஒரே நிமிஷத்துல பேரைக் கெடுத்துண்டுட்டேளே!"

"அது போகட்டும். கீழே யார் கையெழுத்து போட்டிருக்கா?"

"ரெண்டு பேரும்."

"ஒரே காகிதத்துலயா?"

"ஆமா..." ஷ்ருதி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

பஞ்சாபகேசன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அவா ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு எதிரி வேணும்னு முந்தாநாளே புரிஞ்சுடுத்தும்மா. அந்த வேலைக்கு வேற ஆள் கிடைக்கலை."