ஒரே பெயரில் இரண்டு கட்டுரை

“முதல்ல என் பொண்ணு பேரை அந்தப் பலகையில இருந்து எடுங்க. அப்புறம் பேசிக்கலாம்!”

நூலகத்தில் குனிந்து படித்துக்கொண்டிருந்த அத்தனை தலைகளும் நிமிர்ந்தன.

நூலகர் அம்மாள் பதறவில்லை. “உட்காருங்க சார். இங்க சத்தம் போடக் கூடாது.”

“எப்படிச் சத்தம் போடாம இருக்கிறது? பத்தாவது படிக்கிற பிள்ளை. ஊரே வந்து போற வாசல்ல, ‘பிறர் எழுதிக் கொடுத்த கட்டுரை, தகுதி நீக்கம்’னு அவ பேரைப் போட்டு ஒட்டியிருக்கீங்களே, நாளைக்கு அவ பள்ளிக்கூடத்துல தலை காட்ட வேண்டாமா?”

சத்தம் பலமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கட்டுரையை எழுதியதே அவர்தான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, பழகி முடித்தவர்களுக்குச் சான்றிதழ் தருவது அவர் தொழில். அந்தக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறுவதற்கு முன்பே அவர் கால் அதை மிதித்துவிடும். பத்தொன்பது வருஷப் பழக்கம். வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருப்பதில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நூலகத்தில் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து மகளைப் பிடித்துக்கொண்டார். தலைப்பு, ‘நான் மதிக்கும் மனிதர்’.

“எழுதினியாம்மா?”

“எழுதுறேம்பா.”

“எத்தனை வரி ஆச்சு?”

“கேட்டுக்கிட்டே இருந்தா வராதுப்பா.”

“உன் வயசுல நான் எத்தனை போட்டிக்கு எழுதியிருக்கேன் தெரியுமா? தப்பா இருந்தாலும் பரவாயில்ல, சொந்தமா எழுது. பரிசு கிடக்கட்டும், கலந்துக்கிறதுதான் முக்கியம்.”

இப்படி வாய் கிழியப் பேசியவர்தான், கடைசி நாள் வரை மேசையில் ஒரு தாளையும் காணோமே என்று பொறுமை இழந்தார். உலகமே போற்றும் ஒரு விஞ்ஞானியைப் பற்றித் தாமே நாலு பக்கம் எழுதி, டைப் அடித்து, மகள் பெயரைப் போட்டு நூலகப் பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தார். அவளிடம் மூச்சுவிடவில்லை. பரிசு வந்தால் சொல்லிக்கொள்ளலாம், வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்!

“என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லை மேடம். பிறர் எழுதினதுன்னு யார் சொன்னா?”

“உங்க பொண்ணேதான் சொன்னா சார்.”

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அவ பேர்ல ரெண்டு கட்டுரை வந்துச்சு. கையால எழுதின ஒண்ணு கடைசி நாளுக்கு மூணு நாள் முன்னாடியே வந்துடுச்சு. டைப் அடிச்சது கடைசி நாள் வந்துச்சு. ஒருத்தருக்கு ஒண்ணுதான் அனுமதி. எது உன்னோடதுன்னு கேட்கக் கூப்பிட்டேன்.”

“கையால... அவ எழுதினாளா?”

“ஆமா. அவ வந்து ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா. ‘இது என் சொந்த எழுத்து’ன்னு கையெழுத்துப் போட்டு ஒரு சீட்டு வைக்கணுமே, டைப் அடிச்சதோட இருந்த அந்தச் சீட்டையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தா. அப்புறம், ‘இதுதான் என்னோடது, கையால எழுதினதைத் திருப்பிக் குடுத்துடுங்க’ன்னா. எனக்குச் சந்தேகம். டைப் அடிச்சதுல இருந்த ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டேன். திருதிருன்னு முழிச்சா.”

“அப்புறம்?”

“யார் எழுதிக் குடுத்தாங்கன்னு கேட்டேன். ‘ஒருத்தரைக் கெஞ்சி நான்தான் எழுதி வாங்கினேன். கையெழுத்தும் நான் போட்டதுதான். அவங்க மேல தப்பே இல்லை’ன்னு ஒரே பிடியா நின்னா.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு நாளாக மகள் அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்து போனாள். பரீட்சைக் கவலை என்று நினைத்திருந்தார்.

இப்படியே எழுந்து போய்விட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே அவருக்குக் கூசியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“மேடம்... எழுதினது நான். கையெழுத்தும் நான்தான் போட்டேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

நூலகர் அம்மாள் எழுந்து போய், பலகையில் இருந்த தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

“முடிவு சொல்ல இன்னும் ரெண்டு நாள் இருக்கு. அவ எழுதினதை வாங்கிட்டு வாங்க, சேர்த்துக்கிறேன். நான் படிச்சேன் சார். இத்தனை வருஷத்துல அப்படி ஒரு கட்டுரை இங்க வந்ததில்லை.”

“இப்பவே போய் வாங்கிட்டு வர்றேன் மேடம்!”

“தருவாளான்னு தெரியலையே. அன்னைக்கே கேட்டேன், இவ்வளவு நல்லா எழுதினதை ஏம்மா திருப்பி வாங்கிக்கிறேன்னு. ‘எழுதினப்ப உண்மையா இருந்துச்சு மேடம், இப்ப பொய்யாப் போச்சு’ன்னா. எனக்கு அப்ப புரியல.”

“யாரைப் பத்தி எழுதியிருந்தா?”

“உங்களைப் பத்தித்தான் சார். ‘வண்டி ஓட்டப் பழகி முடிக்காதவங்களுக்கு எவ்வளவு பெரிய இடத்துல இருந்து சிபாரிசு வந்தாலும், எங்கப்பா பொய்யா ஒரு கையெழுத்துப் போட மாட்டார்’னு எழுதியிருந்தா.”