மேலே ஒரே ஆட்டம்

"மேல யாரு குதிக்கிறது?" என்று மைக்கில் எரிந்து விழுந்தான் அவன்.

"நாங்கதாங்க, நாலு பேரும்," என்றாள் மனைவி. "சந்தோஷம் தாங்கல."

"சந்தோஷத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? இப்பதான் ஆட்டத்தை நிறுத்தினேன். மறுபடியும் ஆடுது!"

"ஒண்ணும் தெரியாத மாதிரி நீங்களே பேசறீங்களே!"

"மெதுவா பேசு. அதிகாரி பக்கத்துலயே நிக்கிறார்."

அதிகாரி தரைக் கட்டுப்பாட்டு அறையின் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்துக்குள் நான்கு பேர் சுவருக்குச் சுவர் உதைத்துப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த உதையில் வெளியே நீண்டிருந்த சூரியத் தகடுகள் ஊஞ்சலாடின. அந்த ஆட்டத்தை அடக்க, நிலையத்தின் மூலைகளில் இருந்த குட்டி ராக்கெட்டுகள் விட்டுவிட்டுச் சீறின.

"எரிபொருள் வீணாகுது! அப்படி என்னம்மா விசேஷம்?" என்றார் அதிகாரி.

"எங்க பொண்ணு குட்டிம்மா யாரும் பிடிக்காமலே சைக்கிள் ஓட்டிட்டா சார்! விழவே இல்ல. இப்பதான் வீடியோ பார்த்தோம்."

"வேலை நேரத்துல அதை மேல அனுப்பினது யாரு?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"எனக்குக் காட்டணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று கத்தினார் அதிகாரி. "பெரிய திரையில போடுங்க! நாம எவ்வளவு குதிச்சாலும் பூமி ஆடாது."