தங்க முனைக் கேபிள்

சோபாவை நகர்த்துகிறேன் பேர்வழி என்று அதன் காலை நானே கேபிள் மீது ஏற்றிவிட்டேன். ஹோம் தியேட்டருக்கென்று கொள்ளை விலை கொடுத்து வாங்கிய, தங்கமுலாம் பூசிய டிஜிட்டல் கேபிள். முனை நசுங்கிக் கிடக்கிறது. கேபிள் பக்கம் துடைப்பமே வரக்கூடாது என்று நான் போட்ட சட்டத்தின் பலனாக, சோபாவுக்கடியில் முடி உருண்டையும் பல்லி எச்சமும் எறும்பு மொய்க்கும் பிஸ்கட்டும் சேர்ந்து ஒரு குப்பைமேடே வளர்ந்திருக்கிறது. மாலை வெயில் அதன்மேல் தாராளமாக விழுகிறது. குமட்டுகிறது. மனைவி சமையலறைக்குப் போய், பழைய பாத்திர மூட்டையைக் கட்டியிருந்த, டிவியோடு ஓசியாக வந்த கேபிளை அவிழ்த்துக் கொண்டுவந்து செருகுகிறாள். எண்ணெய்ப் பிசுக்கு அவள் விரலில் ஒட்டுகிறது. திரையில் நான் தினமும் போட்டுக் காட்டும் அதே கடல், அதே நீலம், அலைச்சத்தம்கூட அதேதான். குப்பையைவிட என்னை நினைத்துத்தான் எனக்கு இப்போது அதிகமாகக் குமட்டுகிறது. “தினமும் சூப்பரா இருக்குன்னு சொன்னியே, மறைக்காம சொல்லு. ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதா?” என்று கேட்கிறேன். துடைப்பத்தை என் கையில் திணித்தபடி அவள் சொல்கிறாள்: “படத்துல ஒண்ணும் தெரியலங்க. உங்க மூஞ்சிதான் பளிச்சுனு இருந்துச்சு. அதைத்தான் சொன்னேன்.”