லிஸ்பனில் ஒரு மேசை

“படியில எறங்காதீங்க அக்கா. மஞ்சச் சுவத்தை ஒட்டியே வாங்க,” என்றாள் விஜயகுமாரி போனில்.

லிஸ்பனில் பகல் ஒரு மணி. யாங்கோனின் க்யிம்யிண்டைங் பேட்டையில் மாலை ஆறரை.

வீட்டில் கரண்ட் இல்லை. விஜயகுமாரி பர்கத்துல்லா பாய் டீக்கடையில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காதைப் பொத்திக்கொண்டால்தான் மறு காதில் மதுமிதாவின் குரல் கேட்டது.

மதுமிதாவும் அவள் கணவர் ராமுவும் கோயம்புத்தூர்க்காரர்கள். லிஸ்பன் மேல் அவர்களுக்கு அப்படியொரு பிரியம். இது மூன்றாவது தடவை. கோட்டை, டிராம் எல்லாம் பார்த்தாயிற்று. இந்தத் தடவை யாருக்கும் அதிகம் தெரியாத இடங்கள் மட்டும் போதும் என்று கேட்டிருந்தார்கள்.

விஜயகுமாரிக்கு வேலையே அதுதான். போன ஊருக்கே மறுபடி போகிறவர்களுக்கு, யாங்கோனில் உட்கார்ந்தபடி சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றுக்காக வழி எழுதிக் கொடுப்பாள்.

காலையில் அனுப்பிய இடம் நன்றாகவே அமைந்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் இன்னும் துணி துவைக்கிற ஒரு பழைய துறை. அங்கே ஒருத்தி ஈரப் போர்வையின் ஒரு முனையை ராமுவிடம் கொடுத்துப் பிழியச் சொன்னாளாம். அவர் அதை மூன்று தடவை சொல்லிச் சிரித்தார்.

சாப்பாட்டில்தான் சறுக்கியது. எழுதிக் கொடுத்த இரண்டு கடைகளும் பூட்டிக் கிடந்தன.

ராமுவுக்குப் பசி தாங்காது. பெரிய சதுக்கத்துக்கே போய் பீட்சா தின்போம், கம்பெனிக்கும் எழுதிப் போடுகிறேன் என்று ஆரம்பித்துவிட்டார். இந்த மாதம் விஜயகுமாரி மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

அப்போதுதான் லூர்தெஸ் அம்மாவின் சாப்பாட்டுக் கடையைச் சொன்னாள். அதுவரை அதை அவள் ஒருவருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. பெயர்ப்பலகை கிடையாது, மேப்பிலும் வராது. இரண்டு பேருக்கு மேசை வேண்டும் என்று விஜி என்ற பெயரில் அவசரமாக ஒரு செய்தி அனுப்பினாள்.

“சிவப்புக் கதவு. ஜன்னல்ல ஒரு கூண்டு, உள்ளே மஞ்சக் குருவி. கதவைத் தள்ளுங்க, தொறக்கும்.”

கதவு கிறீச்சிட்டது. பிறகு ஒரு கூச்சல். நாற்காலி உருண்ட சத்தம். யாரோ யாரையோ முத்தமிட்டார்கள்.

மதுமிதா கிசுகிசுத்தாள்.

“விஜி, இந்தம்மா என்னைக் கட்டிப் புடிச்சுட்டு விடவே மாட்டேங்கறாங்க. என்னை நீங்கன்னு நெனச்சுட்டாங்க. ஜன்னலோரமா மேசை போட்டு அட்டை வெச்சிருக்காங்க, தமிழ்ல விஜின்னு கோணக்கோணையா எழுதி. ரெண்டு வருசமாக் காத்துட்டு இருக்கேன்னு அரைகுறை இங்கிலீஷ்ல சொல்றாங்க. நீங்க இங்க வந்ததே இல்லீங்களா?”

வந்ததில்லை. விஜயகுமாரி இன்னும் விமானத்திலேயே ஏறியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கடை எந்தெந்த நாள் திறக்கும் என்று கேட்கத்தான் போன் செய்தாள். மறுநாள் லூர்தெஸ் தன் சமையலைப் படம் எடுத்து அனுப்பினார். இவள் தன் மீன்சாற்று நூடுல்ஸான மொஹிங்காவைப் படம் எடுத்து அனுப்பினாள். அப்புறம் வாரம் தவறாமல் தட்டுகள் போவதும் வருவதுமாக இருந்தன. முகத்தை அனுப்ப இருவருக்குமே தோன்றவில்லை. உன் எழுத்தில் உன் பெயரை எழுதிக் காட்டு என்று லூர்தெஸ் ஒரு நாள் கேட்டார். எழுதிக் காட்டி, ஒரு நாள் வருவேன் என்றும் எழுதினாள்.

அந்த ஒரு கடையை மட்டும் தனக்கென்று வைத்திருந்தாள்.

“பாவம், கண்ணெல்லாம் கலங்கிடுச்சு. ஆமான்னே சொல்லிரட்டுங்களா?” என்றாள் மதுமிதா.

சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. ராமு சாப்பிடுவார். புகார் வராது. லூர்தெஸ் ஏமாற மாட்டார்.

ஆனால் என்றைக்காவது அந்தச் சிவப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு தானே போய் நின்றால், யாரென்று சொல்வது?

“போனை அவங்ககிட்ட குடுங்க அக்கா.”

அது நானில்லை, அவர்கள் என் விருந்தாளிகள், நான் இன்னும் வரவில்லை என்று தனக்குத் தெரிந்த போர்த்துகீசியத்தில் சொன்னாள். ‘இன்னும்’ என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

 அந்தப் பக்கம் லூர்தெஸ் உரக்கச் சிரித்தார். என்னவோ சொன்னார், அது இவளுக்குப் புரியவில்லை. இணைப்பு அறுந்துவிட்டது.

விஜயகுமாரி இன்னொரு டீ சொன்னாள். அது ஆறிப் போன பிறகு, ராமு கம்பெனிக்கு எழுதியது போனில் வந்து விழுந்தது.

‘சுட்ட மத்தி மீனும் தக்காளிச் சோறும் பிரமாதம். இப்படி ஒரு கடையை நாங்களாகத் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. ஒரே குறை. எங்களை அடுப்படி ஓரமாக உட்கார வைத்தார்கள். ஜன்னலோர மேசை கடைசி வரை காலியாகத்தான் கிடந்தது. கேட்டும் கொடுக்கவில்லை. அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.’