ரெண்டு நூல் பிசகு

"ஏன்யா, கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு?"

மாமியார் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை ரெண்டடி பின்வாங்கினார்.

புது வாசல் கதவு. முழுக்கத் தேக்கு. கைப்பிடிக்கான துளை ரெண்டு நூல், அதாவது சுளையாகக் கால் அங்குலம், கீழே இறங்கியிருந்தது.

திட்டு வாங்கியவர் தச்சர். ஆனால் துளை போட்டது மாப்பிள்ளை!

வேலை போய் நாலு மாசம். மாமியார் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறோமே என்ற உறுத்தல். நேற்றுச் சாயங்காலம் தானே டிரில்லை எடுத்தார். முதலில் ஆணியால் ஒரு புள்ளி குத்தாமல் ஓட்டியதில், டிரில்லின் துளைக்கும் முனை, அந்த பிட், வழுக்கிவிட்டது.

துளை மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்தார். இன்று மாமியார் கடைக்குப் போனதும் தச்சரை வரவழைத்தார். அந்தம்மா அஞ்சே நிமிஷத்தில் திரும்பி வருவார் என்று யார் கண்டது?

"இருபது வருஷமா ஓட்டை போடற கைக்கே தவறுதுன்னா, மத்தவங்க என்னய்யா பண்ணுவாங்க?"

"அத்தை, அது வந்து..."

"நீங்க உள்ள போங்க மாப்பிள்ளை! இது எனக்கும் இவருக்கும்."

"தப்புதாம்மா. சரி பண்ணிடறேன்" என்றார் தச்சர்.

துளையைக் கொஞ்சம் அகலமாக்கி, தேக்கிலேயே சீவிய முளையை மர ரேகை பொருந்தப் பசை தடவி இறக்கினார். காய்ந்ததும் உளியால் மட்டம் செய்தார். சரியான இடத்தில் புள்ளி குத்தி, முதலில் சின்ன பிட், அப்புறம் பெரியது. கைப்பிடி கச்சிதமாக உட்கார்ந்தது.

வேலை முடித்துக் கிளம்பிய தச்சர் பின்னாலேயே மாப்பிள்ளை தெருமுனை வரை ஓடினார்.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. என் தப்புக்கு நீங்க பேச்சு வாங்கினீங்க. நான் உண்மையைச் சொல்லாம நின்னுட்டேன். வெக்கமா இருக்கு."

தச்சர் சிரித்தார்.

"அட, விடுங்க தம்பி. நீங்க ஒட்டின காகிதத்தைத் தூக்கிப் பார்த்துட்டு, நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே அம்மா எனக்குப் போன் பண்ணிட்டாங்க."

"அத்தையா? எதுக்கு?"

"சொல்லக் கூடாதுன்னாங்க. நீங்க முழிக்கிற முழியைப் பார்த்தா மனசு கேக்கலை. 'வேலை போனதுலேர்ந்து எங்க மாப்பிள்ளை தலை நிமிர்ந்தே நடக்கலை. ஓட்டை நீங்க போட்டதாவே இருக்கட்டும். நல்லாத் திட்டுவேன், கோவிச்சுக்காதீங்க'ன்னு சொன்னாங்க!"